சங்குக்கு மசியாத துரை

மதியம் ஒன்றரைக்கு எங்கள் நல்லேப்பிள்ளி அரிசி ஆலையில் சங்கு ஊதுகிறது. முதலில் தொண்டையைச் செருமுவது போல ஒரு கரகரப்பு. பிறகு நீளமாக, மேலே மேலே, வெயிலைக் கிழித்துக்கொண்டு ஒரு ஓலம். அது முடிவதற்குள் ஊரிலுள்ள அத்தனை நாய்களும் கழுத்தைத் தூக்கி வானத்தைப் பார்த்து அதே சுருதியில் ஊளையிடும். கறிக்கடை வாசலில் கிடப்பது, பால் சொசைட்டிப் படியில் கிடப்பது, என் அண்ணன் வயலுக்குக் காவல் வைத்திருக்கிற இரண்டு. ஒரு நிமிடம் ஊரே ஒரு பெரிய நாயாகிவிடும்.

என் காலடியில் படுத்திருக்கிறவன் மட்டும் கண்ணைத் திறப்பதில்லை. வெள்ளை வயிறு ஏறி இறங்குகிறது. கனவில் எதையோ துரத்துகிறான் போல, முன்னங்கால் ஒன்று துடிக்கிறது. அவ்வளவுதான்.

தினமும் அந்தச் சங்கு என்னைப் பிடரியில் பிடித்துத் தூக்கிக்கொண்டுபோய் மூணாறு பக்கத்துச் சித்திரபுரத்து மூடுபனிக்குள் போடுகிறது. இரண்டு வருஷத்துக்கு முந்தைய மூடுபனி. தேயிலை வறுபடும் வாசனையும் ஈரக் கம்பளி வாசனையும் கலந்த காற்று. அங்கேதான் இவன் என்னிடம் வந்தான். ஒரு மாதத்துக்கு என்று சொல்லி வந்தான்.

அப்போது நான் மின்சார வாரிய அலுவலகத்தில் வேலை. வாரியத்தின் பழைய குவார்ட்டர்ஸில் குடியிருப்பு. தகரக் கூரை, பலகைத் தரை, நடந்தால் வீடே முனகும். சர்வீஸில் அது எனக்கு ஒன்பதாவது ஊர். மூன்று வருஷத்துக்கு மேல் ஓரிடத்தில் இருந்தால் சுவர்கள் ராத்திரியில் ஒரு விரற்கடை நெருங்கி வருவதாக எனக்குத் தோன்றும்; நானே மாற்றல் கேட்டு எழுதுவேன். பூந்தொட்டிகூட வைத்ததில்லை. பூந்தொட்டி வைத்தால் நாளைக்கும் இங்கே இருப்பேன் என்று அதற்கு வாக்குக் கொடுக்கவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு அக்கா மரத்தக்காளி விற்க வருவார். மேலே எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறவர். முப்பத்தேழு வருஷமாக அதே மலை, அதே லயம். லயம் என்றால் பத்து வீடு தோளோடு தோள் ஒட்டிக் கட்டிய வரிசை. ஒரு வீட்டில் இருமினால் பத்தாவது வீட்டில் கஷாயம் வைப்பார்கள். அவர் பின்னால் அந்த நாய் வரும். தூய வெள்ளை. ராஜபாளையம் ஜாதி. மூக்கு இளஞ்சிவப்பு, கண் இரண்டும் வெளிறிய நீலம். சுற்றுலா வந்தவர்கள் ஜீப்பை நிறுத்தி அவனைப் படம் எடுப்பார்கள். அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு, தன்னையே படம் எடுப்பது போல நிமிர்ந்து நிற்பார்.

அவன் பெயர் துரை. அந்தப் பெயர் வந்த வழியைச் சொல்லவேண்டும். அந்த மலையில் எல்லாமே ஃபேக்டரிச் சங்கின் கையில். எழுந்திருக்க ஒரு சங்கு, மலைக்கு ஏற ஒரு சங்கு, சோற்றுக்கு ஒன்று, திரும்ப ஒன்று, நிறுத்த ஒன்று. ஊதினால் ஓடவேண்டும். நாய்கள்கூட ஊளையிட்டு ஆஜர் சொல்லிவிடும். அது ஊதும்போது அசையாமல் உட்கார்ந்திருக்கிற உரிமை அங்கே ஒரே ஒருவருக்கு, பங்களாவில் இருக்கும் எஸ்டேட் மேனேஜருக்கு. அவரைத்தான் துரை என்பார்கள். அக்காவின் மகன் ஊரிலிருந்து இவனைக் குட்டியாகக் கொண்டுவந்த முதல் நாள், சங்கு ஊதியிருக்கிறது. லயத்து நாய்கள் எல்லாம் ஊளையிட, இந்தக் குட்டி தன் வாலையே மென்றுகொண்டு கிடந்திருக்கிறது. "இங்க பாருங்கலே, துரை கணக்கால்ல படுத்திருக்கு!" என்று யாரோ சொல்ல, லயமே சிரித்திருக்கிறது. பெயர் நின்றுவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா தக்காளியைத் தராசில் வைக்காமல் கையிலேயே வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

"மேடம், ஒரு ஒத்தாசை."

"சொல்லுங்க்கா."

"எனக்கு சர்வீசு முடியுது. இந்த மாசக் கடைசிக்குள்ள லயத்தக் காலி பண்ணணும். திருப்பூர்ல மகன் வீட்டுக்குப் போறேன். ஒத்த ரூமு, மாடில. அந்த வீட்டுக்காரம்மா மனுசரே மூணு பேருக்கு மேல ஆகாதுங்குறா. துரைய எங்கிட்டுக் கொண்டுபோக?" தக்காளியைக் கூடையில் போட்டார். "ஒரு மாசம் வச்சுக்கங்க. வேற வீடு பாத்துட்டு வந்து கூட்டிட்டுப் போயிருதேன்."

"நான் நாய் வளத்துனதே இல்லீங்க்கா."

"இது வளத்துற நாயே இல்ல மேடம். அதும்பாட்டுக்கு இருக்கும். எவனுக்கும் அடங்காது."

எவனுக்கும் அடங்காது என்ற சொல்லில் நான் விழுந்தேன்.

முதல் மூன்று வாரம் அவன் என்னை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டான். கை தட்டினால் திரும்பமாட்டான். பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தாலும் ஜன்னலில் மூக்கை ஒட்டிப் பனியையே பார்த்துக்கொண்டிருப்பான். பக்கத்தில் போய் நின்றால் மட்டும் மெதுவாகத் தலையைத் திருப்பி, நீ எப்போது வந்தாய் என்பது போல ஒரு பார்வை. நீலப் பார்வை. பிறகு மறுபடி பனி.

ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். எனக்கு அது பிடித்திருந்தது. அலுவலகத்தில் மணி அடித்தால் எழும் ஆட்களுக்கு நடுவே இருபது வருஷம் கழித்தவள் நான். கூப்பிட்ட குரலுக்கு ஓடாத ஒரு உயிரை முதன்முதலாகப் பார்க்கிறேன் என்று நோட்டில் எழுதினேன். அடுத்த பக்கமும் எழுதினேன். சுதந்திரம், மறுப்பு, வெள்ளைக் கொடி அல்ல வெள்ளைப் போர் என்றெல்லாம். இப்போது அந்தப் பக்கங்களைப் படித்தால் காது சுடுகிறது. லயத்துக்காரர்கள் அவனிடம் பதவியைப் பார்த்தார்கள். நான் கலகத்தைப் பார்த்தேன். அவன் காதை ஒருவரும் பார்க்கவில்லை.

ஒரு சாயங்காலம் அலுவலகத்திலிருந்து வந்தேன். பலகைத் தரையில் தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பக்கூடாது என்று செருப்பைக் கழற்றி, சாக்ஸ் காலால் பூனை மாதிரி நடந்துபோய், அவன் காதுமடலைத் தொட்டேன். அடுத்த நொடி என் மணிக்கட்டு அவன் வாயில் இருந்தது. கடித்தபிறகுதான் கண் திறந்தான். திறந்ததும் என்னைப் பார்த்தான், வாயை விட்டான், சுவர் மூலைக்குப் போய் நடுங்கிக்கொண்டு நின்றான். ரத்தம் என் கையில். பயம் முழுவதும் அவனிடம்.

ஊசி போட்டுக்கொண்ட கையோடு மறுநாள் அவனை எஸ்டேட் ரோட்டில் நடத்திப்போனேன். கயிற்றைக் கழற்றி விட்டிருந்தேன். அடங்காதவனைக் கட்டுவதாவது என்ற என் வீறாப்பு. ரோட்டின் நடுவே தன் தகப்பன் வீட்டு ரோடு போல நடந்தான். பின்னால் ஒரு ஜீப். ஹாரன். மறுபடி ஹாரன். மூன்றாவது ஹாரன் மலையில் மோதித் திரும்பி வந்தது. அவன் நடை மாறவில்லை. நான் ஓடிப்போய் இழுப்பதற்குள் பிரேக் கிறீச்சிட்டு, ஒரு முழம் தள்ளி டயர் நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"ஏலே, காது செவிடால ஒனக்கு?"

நாயைத்தான் திட்டினார். அந்த நேரம் பார்த்து ஐந்து மணிச் சங்கு ஊதியது. மேட்டில், பள்ளத்தில், எங்கெங்கோ இருந்த லயத்து நாய்கள் எல்லாம் ஊளையிட்டன. ஜீப்பில் இருந்த குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தன. துரை டயரை முகர்ந்து பார்த்தான். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான்: இவர்களெல்லாம் ஏன் இப்படி வாயைத் திறக்கிறார்கள்?

வசவாக வந்தது பதிலாக நின்றது.

வீட்டுக்கு வந்து ஒரு எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் எடுத்தேன். அவன் பிடரிக்குப் பின்னால் நின்று அடித்தேன். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. அவன் திரும்பவில்லை. தட்டைக் கீழே போட்டுவிட்டு, ஆத்திரத்தில், யார் மேல் என்று தெரியாத ஆத்திரத்தில், தரையில் ஓங்கி ஒரு மிதி மிதித்தேன். சட்டென்று திரும்பினான். பலகை வழியாக நான் அவனுக்குப் போய்ச் சேர்ந்திருந்தேன்.

மூணாற்றில் கால்நடை டாக்டரம்மா இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டார். "பிறவியிலேயே கேக்காது. இந்த மாதிரி சுத்த வெள்ளை, நீலக் கண்ணு, இதுல சில குட்டிக்கு இப்படி ஆகும். ஆளுங்க அதையே தேடிப் போய் வாங்குறாங்க, என்ன செய்ய? ரோட்டுல கயிறு இல்லாம விடாதீங்க. தூங்குறப்ப தொடாதீங்க. மத்தபடி ஒரு குறையும் இல்ல."

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் என்ஜினீயர் பாலக்காட்டுக் கல்பாத்திக்காரர். குடியிருப்போர் சங்கத்துச் செக்ரட்டரி. மிக மரியாதையான மனிதர். மரியாதையாகவே கொல்லச் சொன்னார்.

"கேட்டேளா, இதுக்குச் செவி கேக்காதாமே?"

"ஆமாங்க சார்."

"பின்னே எதுக்கு வச்சுண்டிருக்கேள்? ஆனை எறங்கினா சொல்லாது, கள்ளன் வந்தா சொல்லாது. போறாத்துக்கு உங்க கையை வேற கடிச்சிருக்கு. நாளைக்கு ஒரு கொழந்தையைக் கடிச்சா யாரு சமாதானம் சொல்றது? ஒரு ஊசி போட்டா மதி, அது போறும். வலியே இருக்காதாக்கும்."

"யாருக்குங்க சார்?"

அவர் இருமினார். மூன்றாம் நாள் சங்கத்தின் பெயரில் நோட்டீஸ் வந்தது. ஏழு நாளைக்குள் மேற்படி நாயை அப்புறப்படுத்த வேண்டும். நான் அதன் முதுகிலேயே பதில் எழுதிக் கொடுத்தனுப்பினேன்: 'நோட்டீஸை நாய்க்கு உரக்க வாசித்துக் காட்டினேன். அதன் காதில் விழவில்லை. ஆகவே அது செல்லாது.'

பெருமைக்குச் சொல்லவில்லை. என் கவலை நோட்டீஸ் அல்ல. அக்கா வந்து கேட்டால் கொடுக்கவேண்டிய நாய் இது. காது கேட்கும் என்று நம்பிக் கூட்டிப்போனால், திருப்பூர் ரோட்டில், அந்த லாரிகளுக்கு நடுவே, இவன் ஒரு வாரம் தாங்கமாட்டான். அதனால் போன் செய்தேன். அந்தப் பக்கம் தையல் மெஷின்களின் இரைச்சல். பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டும் வேலைக்குச் சேர்ந்திருந்தார்.

"அக்கா, துரைக்குக் காது கேக்காதுங்க்கா. பொறந்ததுல இருந்தே."

மெஷின் சத்தத்தைத் தாண்டிக் கேட்டார்.

"எவ சொன்னா?"

"டாக்டரம்மா."

"அந்தம்மாவுக்கு என்ன தெரியும்? நாலு வருசம் வளத்தவ நானு. அதுக்கு எல்லாம் கேக்கும். மதிக்காது, அம்புட்டுத்தான்."

"இல்லீங்க்கா, நான் தட்டெடுத்து அடிச்சுக்கூடப் பாத்தேன்..."

"எம் பிள்ளைக்குக் குத்தம் சொல்லவா ஒங்க கையில குடுத்துட்டு வந்தேன்? வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க. வாறேன், கூட்டிட்டுப் போறேன். சங்குக்கே மசியாதவன் மேடம் அவன். அவனப் போயி..."

வைத்துவிட்டார். பிறகு நான் எத்தனை முறை அடித்தும் எடுக்கவில்லை.

நான் அவரிடமிருந்து எதைப் பறித்தேன் என்று அன்றைக்குத் தெரியவில்லை. முப்பத்தேழு வருஷம் சங்குக்கு ஓடிய கால்கள். காய்ச்சலோடு ஓடியிருக்கும். பிள்ளை பெற்ற நாற்பதாம் நாளே ஓடியிருக்கும். அந்த வீட்டில் ஒரே ஒரு உயிர் ஓடவில்லை. அதை அவர் தன் கையால் சோறு போட்டு வளர்த்தார். அது ஓடாததற்குக் காரணம் கேட்காததுதான் என்று, யாரோ ஒரு ஆபீஸ்காரி, போனில் சொல்கிறாள்.

ஒரு மாதம் முடிந்தது. அவர் வரவில்லை. இரண்டாவது மாதமும் போயிற்று.

நான் கற்றுக்கொண்டேன். அவனுக்கு என்ன, அவனுக்கு எல்லாம் தெரியும், தெரியாதவள் நான். எங்கள் அலுவலகத்து லைன்மேன்களிடம்தான் மொழி கிடைத்தது. கம்பத்தின் உச்சியில் இருப்பவருக்குக் காற்றில் எதுவும் கேட்காது. கீழே நிற்பவர் கை காட்டுவார். இரண்டு கையையும் தலைக்கு மேலே குறுக்காக வைத்தால்: நில், தொடாதே. கையை நீட்டி மார்புக்கு இழுத்தால்: இறங்கி வா. டார்ச்சை இரண்டு முறை வெட்டினால்: முடிந்தது, வீட்டுக்குப் போகலாம். அதையே அவனுக்கும் வைத்தேன். என் பங்குக்கு ஒன்று சேர்த்தேன்: பலகையில் ஒரு மிதி, நான் உன் பின்னால் இருக்கிறேன்.

ஒரு லைன்மேன் பார்த்துவிட்டுச் சொன்னார், "மேடம், இவனுக்கு ஒரு ஹெல்மெட்டும் குடுத்து போஸ்ட்ல ஏத்திருவமா?"

"முதல்ல உங்களுக்கு முழுச்சம்பளம் குடுக்கற வேலையச் செய்ங்க," என்றேன். ஆனாலும் மறுநாள் அவரே மாட்டெலும்பு வாங்கி வந்து கை காட்டிக் கூப்பிட்டார்.

சங்கத்தின் கூட்டத்துக்கு அவனையும் கூட்டிக்கொண்டு போனேன். கையைக் குறுக்கே வைத்தேன், படுத்தான். தண்ணீர் டாங்க் யார் கழுவுவது என்பதில் தொடங்கி, குவார்ட்டர்ஸே இரண்டு கட்சியாகி ஒருவரை ஒருவர் கிழித்துக்கொண்டது. அந்த ஒரு மணி நேரமும் வாயைத் திறக்காமல் இருந்தவன் அவன் மட்டும்தான். அவனுடைய நோட்டீஸை எடுக்கவே யாருக்கும் நேரம் இல்லை. இரண்டு நாள் கழித்து வேலிக்கு அந்தப் பக்கம் என்ஜினீயர், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, கையை நீட்டி மார்புக்கு இழுத்துக்கொண்டிருந்தார். துரை அவரை நன்றாகப் பார்த்தான். பார்த்துவிட்டு, அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தான். கேட்காததற்கும் மதிக்காததற்கும் வித்தியாசம் அன்றைக்கு எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவனுக்கு இரண்டும் உண்டு.

நல்லேப்பிள்ளியிலிருந்து அண்ணன் போன் செய்தார்.

"என்னம்மிணி, செவிட்டு நாய்க்கு டியூசன் எடுக்கறயாமா?"

"ஆமாங்ணா. உங்களுக்கும் எடுக்கோணுமா?"

"குலைக்காத நாயி எதுக்காவுது சொல்லு. பன்னி வந்து நெல்லத் தின்னாலும் இது பாட்டுக்குத் தூங்கும்."

"குலைப்பானுங்ணா. கண்ணுல பட்டாக் குலைப்பான்."

"அப்ப பன்னிகிட்டச் சொல்லிப் போடறேன், நேர் எதுக்கால வந்து நில்லு சாமின்னு."

எனக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு சொன்னேன், "எதுக்குமே ஆகாட்டிப் போகுதுங்ணா. எதுக்காச்சும் ஆகோணும்னு யாரு சொன்னது?"

அண்ணன் வேறு பேச்சுக்குத் தாவினார். எதுக்காகும் என்ற கேள்வியை எங்கள் வீட்டில் என்னைப் பற்றி எத்தனை முறை கேட்டிருப்பார்கள் என்று அவருக்கும் தெரியும். கல்யாணம் வேண்டாம் என்றவள் எதுக்காவாள்? ராத்திரி முழுக்க விளக்கெரித்து எழுதுகிறாளே, அது எதுக்காகும்? வயலில் நின்றால் காவல், அடுப்படியில் நின்றால் மனைவி, வாசலில் நின்றால் நாய். நிற்கும் இடத்துக்கு ஒரு வேலை. வேலை இல்லையென்றால் ஒரு ஊசி. இல்லை. நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். ஒரு உயிர் தூங்கி எழுந்து வெயிலில் நெட்டி முறிக்கிறது. அதற்கு யாரிடமும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

பஞ்சாயத்தில் நாய்க்கு லைசென்ஸ் எடுக்க ஒரு ஃபாரம் வாங்கி வந்தேன். இனம், நிறம், தடுப்பூசி எல்லாம் நிரப்பினேன். நாயின் பெயரும் சொந்தக்காரர் பெயரும் எழுதவேண்டிய இடத்தில் பேனா நின்றது. அப்படியே மேஜை இழுப்பறையில் போட்டு வைத்தேன்.

நான்காம் மாதம், ஒரு இரண்டாம் சனிக்கிழமை. அலுவலகம் லீவு. கேட் கிறீச்சிட்டது. அக்கா. மெலிந்திருந்தார். காலில் புதுச் செருப்பு. ஒரு கையில் நைலான் கயிறு. மறு கையில், சின்னச் சின்ன மணிகள் கோத்த சிவப்புக் கழுத்துப்பட்டை.

"எங்க எம் பிள்ள?"

முன்வாசல் பலகைத் தரையில் சுவரைப் பார்த்து முதுகைக் காட்டிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கூப்பிட்டுவிட்டார்.

"துரே!"

மலைக்கு மலை பேசிப் பழகிய குரல். என்ஜினீயர் வீட்டுக் காகம் பறந்தது.

"கோவிச்சுக்கிட்டான்," என்றார் என்னிடம். "நாலு மாசம் விட்டுட்டுப் போயிட்டேன்ல. துரே! ஆத்தா வந்திருக்கேன்லே!"

அவன் முதுகு ஏறி இறங்கியது. நான் குறுக்கே பேசியிருந்தால் மறுபடி சண்டைதான் வந்திருக்கும். அப்போது மேலே ஃபேக்டரியில் ஒரு மணிச் சங்கு ஊதியது.

அக்காவின் கை தன்னால் இடுப்புக்குப் போனது. கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் படங்குச் சாக்கு கட்டியிருப்பார்கள். அதன் முடிச்சைத் தேடிய கை. கால் ஒரு அடி எடுத்து வைத்தது. பிறகு, இனி ஓட வேண்டியதில்லை என்று கால்களுக்கு யாரோ சொன்னது போல, நின்றார். மலையெல்லாம் நாய்கள் ஊளையிட்டன. சங்கு ஊதும்போது அவர் ஒருநாளும் நின்றதில்லை. அதனால் அவனை நின்று பார்த்ததும் இல்லை. இன்றைக்குப் பார்த்தார். காலுக்கு எட்டும் தூரத்தில், அவன் காதுமடலில் ஒரு ஈ உட்கார்ந்து எழுந்தது.

குனிந்து அவன் காதருகே கை தட்டினார். இன்னொரு முறை. கழுத்துப்பட்டையைக் காதுக்குப் பக்கத்தில் குலுக்கினார். மணிகள் எனக்குக் கேட்டன. பிறகு படியில் உட்கார்ந்துவிட்டார்.

நான் பலகையில் ஒரு மிதி மிதித்தேன். துரை கண் விழித்தான். என்னைப் பார்த்தான். என் பார்வை போன பக்கம் பார்த்தான். அதன்பிறகு நடந்ததை எழுத முடியாது. அக்காவின் ஒரு செருப்பு வேலிக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது. அவர் முகம் முழுக்க எச்சில். அவன் தொண்டையிலிருந்து நான் அந்த நான்கு மாதத்தில் கேட்டறியாத ஒரு சத்தம்.

"கூப்பிட்டு வரலன்னு அடிச்சிருக்கேனே மேடம்," என்றார், அவன் காதைத் தடவிக்கொண்டே. "வெறகுக் கட்டையால. எத்தன நாளு."

கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். கயிற்றைப் பிரித்தார். "சரி. கெளம்புதோம்."

நான் கேட்டில் போய் நின்றேன். "விடமாட்டேனுங்க்கா."

"என்னது?"

"திருப்பூர் ரோட்டுல ஒரு வாரம் தாங்கமாட்டான்."

"கட்டிப் போட்டுக்கிருவேன்."

"எங்கீங்க்கா? மாடிப் படியிலயா? நீங்க கம்பெனிக்குப் போனா யாரு பாக்கறது?"

"எம் பிள்ளைய நீங்க எப்பிடி விடமாட்டேம்பீக? போலீசுக்குப் போவேன்."

"போலாம் வாங்க. நானும் கூட வாறேன்."

"ஆபீசு உத்தியோகம்ங்குற திமிரா?"

"திமிரில்லீங்க்கா. பயம்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். என் மணிக்கட்டில் இருந்த இரண்டு தழும்பையும் பார்த்தார். பிறகு கேட்டார், "எப்பிடிக் கூப்பிடுவீக?"

முற்றத்தின் கடைசிக்குப் போய்க் கையை நீட்டி மார்புக்கு இழுத்தேன். வந்தான். அக்கா எதிர்க் கோடிக்குப் போனார். ஒரு முறை சந்தேகமாக, அடுத்த முறை அழுத்தமாக, கையை நீட்டி இழுத்தார். அவரிடமும் போனான்.

"நாலு வருசம் தொண்டை கிழியக் கத்துனேன்," என்றார் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு. "இந்தா, ஒரு கைக்கு வாறான்."

கயிற்றை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். "வேற வீடெல்லாம் பாக்கல மேடம். பாக்கவும் முடியாது. மகன்கிட்டச் சொல்லாமத்தான் வந்தேன். தூக்கிட்டு ஓடிரலாம்னு." சிரிக்கப் பார்த்தார். "ஓடி எங்க போக?"

நான் உள்ளே போய் இழுப்பறையிலிருந்து ஃபாரத்தை எடுத்து வந்தேன். காலியாக இருந்த இடத்தைக் காட்டினேன். "உங்க பேரு எழுதட்டுங்களா, எம் பேரு எழுதட்டுங்களா?"

வெகுநேரம் அந்தக் காலி இடத்தையே பார்த்தார். "சோறு போடுறவக பேரப் போடுங்க."

எழுதினேன். என் பெயரை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு உயிருக்கு நாளைக்கும் இருப்பேன் என்று எழுதிக் கொடுத்தேன்.

"நாய் பேரு துரைன்னே போடுங்க. செவிடுன்னு எங்கயும் எழுதிராதீக."

"எழுதுவேனுங்க்கா. கழுத்துல பெருசா எழுதித் தொங்கவிடப் போறேன். தெரிஞ்சாத்தான ஹாரன் அடிக்கறவன் நிப்பான்? அதுல வெக்கப்பட என்ன இருக்குது?"

அக்காவின் முகம் கடுத்தது. நான் கண்ணைத் தாழ்த்தவில்லை. அவரும் தாழ்த்தவில்லை. கடைசியில் அவரே கழுத்துப்பட்டையை எடுத்து அவன் கழுத்தில் மாட்டி, ஓட்டையைச் சரிபார்த்து, மணிகளைக் கீழே வருமாறு திருப்பி விட்டார். "அப்ப ரெண்டையும் எழுதுங்க. மேல துரைன்னு. கீழ அது."

அப்படியே எழுதினேன். மேலே துரை. கீழே, காது கேட்காது. நான் ஊருக்கே திரும்பி வந்துவிட்டேன்; இன்றைக்கும் நல்லேப்பிள்ளித் தெருவில் அதைத்தான் போட்டுக்கொண்டு நடக்கிறான்.

மூணாறு பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற ஜீப் கேட்டில் வந்து நின்றது. அக்கா பின்னால் ஏறி, சாக்கு மூட்டைகளுக்கு நடுவே இடம் பிடித்து உட்கார்ந்தார். மறு செருப்பை என்ஜினீயரே எடுத்து வந்து காலடியில் வைத்துவிட்டுப் போனார். நான் துரையைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நின்றேன். ஜீப் உறுமத் தொடங்கியது. அவர் மூட்டைகளுக்கு மேலே எட்டித் தலையை நீட்டினார். அதுவரை என்னை மேடம் என்றே கூப்பிட்டவர்.

"தாயி! தெனமும் ஒருக்கா அவம் பேரச் சொல்லிக் கூப்பிடுங்க."

"அவனுக்குத்தான் கேக்காதுங்களேக்கா."

"கேக்காட்டி என்ன? கூப்பிடுங்க."